கான்டெஸா வெச்சிருக்கீங்களா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரின்னா கார் பிரியர்களுக்கு மிட்சுபிஷி லான்சர்தான் ஞாபகம் வரும். 1998-ல் இருந்து அங்கேதான் தயாரானது. இப்போ அதே வளாகத்தில் இருந்து சிட்ரோன் வருது. ஆனா, 'இந்தியாவோட மசில் கார்'னு நாம கொண்டாடுற கான்டெஸா, அதே கம்பெனியின் மேற்கு வங்க உத்தர்பாரா ஆலையில் 1984-ல் பிறந்தது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் உங்க தாத்தாவோட ஷெட்டில் ஒண்ணு தூசி தட்டிக்கிட்டு நிக்குதா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

'மசில்'ங்கிற பட்டத்தை உடம்பு தோற்றத்துக்கு மட்டும் கொடுக்கலாம். அமெரிக்க மசில் கார்களில் இருந்தது வி8 இன்ஜின். நம்ம ஆரம்பகால கான்டெஸாவில் இருந்ததோ அம்பாஸடரின் 1.5 லிட்டர் பி-சீரிஸ் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன், இழுக்க வேண்டியது ஒரு டன்னுக்கு மேல! அதனாலதான் பலருக்கு, 'மேனிஃபோல்டை மாத்தி, ஃப்ரீ ஃப்ளோ ஹெட்டர் போட்டா பறக்குமா?'ன்னு ஆசை வருது.

மேனிஃபோல்டுங்கிறது, சிலிண்டர்களில் இருந்து வர்ற சூடான புகையைச் சேர்த்து ஒரே குழாயில் அனுப்புற பாகம். கம்பெனி கொடுத்தது கனமான வார்ப்பிரும்பு. ஹெட்டர்ங்கிறது வளைச்சு வெல்டு பண்ணின ஸ்டீல் குழாய்கள். புகை ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம வெளியேறும். லாபம் உண்டு. ஆனா அது மேல்சுற்றில்தான் தெரியும். சிக்னல்ல இருந்து கிளம்புறப்போ பெருசா எதுவும் தெரியாது.

இங்கேதான் பலர் ஏமாறுற இடம் வருது. பி-சீரிஸ்ல சிலிண்டர் நாலு, ஆனா புகை வெளியே வர வாசல் மூணுதான். நடுவுல இருக்கிற 2, 3 சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பகிர்ந்துக்கும். வேற ஏதோ நாலு சிலிண்டர் காரோட நாலு குழாய் ஹெட்டரை 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. 1962-ல் வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அதுக்கான மூணு குழாய் ஹெட்டர் வெளிநாட்டில் இன்னும் விக்குறாங்க. அது ஹெட்டில் உட்கார்ந்தாலும், கீழே இறங்குற குழாய்க்கு கான்டெஸாவில் இடம் வேற. அளந்து பார்க்காம ஆர்டர் போடாதீங்க. பின்னாடி வந்த 1.8 இசுஸு இன்ஜினோட ஹெட் முற்றிலும் வேற. ஒண்ணோடது இன்னொண்ணில் உட்காராது.

இன்னொரு சிக்கல்: இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டும் பி-சீரிஸ்ல ஒரே பக்கம். சில ஸ்டட், வாஷர்கள் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கும். புது ஹெட்டரோட ஃப்ளேன்ஜ் பழசைவிட ஒல்லியா இருந்தா, வாஷர் ஒரு பக்கம் மட்டும் அழுத்தும், மறுபக்கம் லீக். அதனால தடிமனை முதல்ல ஒப்பிடுங்க. முகம் கோணலா இருக்கான்னு நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வெச்சுப் பாருங்க. கோணல்னா, லேத் பட்டறையில் சர்ஃபேஸ் கிரைண்டிங் பண்ணினா தீர்ந்துடும்.

பழைய ஸ்டட்டைக் கழற்ற அவசரப்பட்டா ஹெட்டுக்குள்ளேயே முறியும். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை அடிச்சு ஊற விடுங்க. புது கேஸ்கெட் கட்டாயம். நட்டை நடுவில் இருந்து வெளிப்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ஒரு ஓட்டு ஓட்டி, முழுசா ஆறினப்புறம் மறுபடி ஒருமுறை. கார்புரேட்டர் செட்டிங்கையும் பார்க்கணும். விட்டுட்டா கலவை மெலிஞ்சு, பிளக் வெளுத்து, இன்ஜின் சூடாகும். கார் பறக்கிறதுக்கு பதிலா திணறும்.

இதெல்லாம் காருக்கு. உங்களுக்கு ஆபத்து லீக்தான். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. பானெட்டுக்குள் கசிஞ்சா, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற காற்றுத் துவாரம் வழியா கேபினுக்குள் வரலாம். முதல்ல தலைவலி, அப்புறம் தூக்கக் கலக்கம். 'நேத்து சரியா தூங்கல'ன்னுதான் நினைப்போம்! குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது 'டிக் டிக்'னு சத்தம் வந்து, சூடானதும் குறைஞ்சா சந்தேகப்படுங்க. கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிஞ்சா லீக் உறுதி. ஷட்டரை மூடிட்டு ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது.

சட்டமும் இருக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். சத்தத்துக்குத் தனி வழக்கு. மேனிஃபோல்டுல விரிசல் மட்டும்தான்னா, என் ஓட்டு ஒரிஜினலை ரிப்பேர் பண்றதுக்குத்தான். வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடால் வெல்டு பண்ணி, மெதுவா ஆறவிடத் தெரிஞ்சவரா பாருங்க. அவசரமா ஆறினா பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

ஹெட்டர்தான் போடப் போறீங்கன்னா, கழற்றின பழைய பாகத்தை எடைக்குப் போட்டுடாதீங்க. கான்டெஸா தயாரிப்பு 2002-லேயே நின்னுபோச்சு. எண்ணெய் தடவி, சாக்கில் சுத்தி பரண்ல வைங்க.