ஆண்டுப் பிறப்பும் வீட்டுச் சங்கற்பமும்



மார்கழி பிறந்துவிட்டால் நம் நாட்டுத் தமிழர் இல்லங்களிலே நாட்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வருகின்றன. விடியற்காலையில் திருவெம்பாவைப் பூசைக்குக் கோயில்மணி ஒலிக்கும். கிறித்தவர் இல்லங்களில் நத்தார்ப் பண்டிகைக்காகச் சுவருக்கு வெள்ளை பூசுவர். பாடசாலையில் மூன்றாந் தவணை முடிந்து பிள்ளைகள் புள்ளி அறிக்கையோடு வீடு வந்து சேருவர். நத்தாரின் பின் ஒரு கிழமையில் ஆங்கில வருடப் பிறப்பு. அதன்பின் இரு கிழமையில் தைப்பொங்கல். நம்மவருட் பலர் டிசம்பரையே மார்கழி என்றும், ஜனவரியையே தை என்றும் வழங்குவதனால், தை முதலாந் திகதி என்று ஒருவர் சொன்னால் எந்தத் தை என்று கேட்டுத் தெளிய வேண்டிய சங்கடமும் உண்டு.

இந்த நெருக்கத்தின் நடுவே, ஆண்டு பிறக்கும் இரவிலே, வீட்டார் கூடியிருந்து "இனி இவ்வாறு நடப்போம்" என்று தீர்மானஞ் செய்துகொள்ளும் வழக்கமும் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. இதனைப் புத்தாண்டுச் சங்கற்பம் எனலாம். அது எவ்வாறு பிறக்கிறது, யார் தோளில் இறங்குகிறது, எவ்வாறு நிலைக்கும் என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

கொழும்பு வெள்ளவத்தையிலே வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். இது கற்பனைக் குடும்பமே. எனினும் நேயர்களுட் பலருக்கு அயலவரைப்போலத் தோன்றக்கூடும். தந்தை கந்தோரில் இலிகிதர். தாய் பாடசாலை ஆசிரியை. பிள்ளைகள் மூவர். தாயின் தாயார், பிள்ளைகளின் அம்மம்மா, யாழ்ப்பாணத்தில் இருக்கின்றார். தவணை முடியுமுன் தாய் விடைத்தாள்கள் திருத்த வேண்டும்; புள்ளிகளைப் பதிய வேண்டும். திருத்தி முடித்த கையோடு பயண மூட்டை கட்ட வேண்டும். 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கி, போரினால் 1990இல் வடக்கே செல்லாது நின்று, 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் சென்ற யாழ்தேவியில் விடுமுறைக் காலத்தில் ஆசனம் பெறுவதே ஒரு தவம். ஊருக்குச் சென்றால் ஓய்வு கிடைக்குமோ? ஒரு வீட்டுக்குப் போய் மறுவீட்டுக்குப் போகாவிட்டால் மனத்தாங்கல். போகும் வீடெல்லாம் பலகாரம், தேநீர். வரும் உறவினர்க்கும் அவ்வாறே. அம்மம்மா குசினியில் நிற்கும்போது மகள் திண்ணையில் இருக்கலாமா? ஆகவே மகளும் குசினியிலேயே நிற்பாள்.

திரும்பிவந்தபின் அடுத்த பாடசாலை ஆண்டுக்குரிய செலவு காத்திருக்கும். பாடநூல்களை அரசாங்கம் 1980ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கி வந்திருப்பினும், அப்பியாசக் கொப்பி, சப்பாத்து, புத்தகப் பை ஆகியவை கடையிலிருந்தே வரவேண்டும். பண்டிகைக்கு முற்பணம் எடுத்த சம்பளத்தில் எஞ்சியிருப்பது சிறிது.

இத்தகைய களைப்போடு டிசம்பர் 31ஆந் திகதி இரவு வருகிறது. தந்தை சொல்கின்றார்: "நாளை முதல் அதிகாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் உலாவப் போவேன், வீண்செலவு செய்யேன்." மூத்த மகன் நான்கு மணிக்கு எழுந்து படிப்பதாகச் சொல்கின்றான். மகள் கைத்தொலைபேசியை இரவிலே தொடுவதில்லை என்கின்றாள். கடைக்குட்டி இனி மரக்கறியெல்லாம் உண்பானாம். கடையில் வாங்கியுண்பதில்லை என்பது எல்லோருக்கும் பொதுத் தீர்மானம். கேட்பதற்கு இனிமையான தீர்மானங்களே. தாய் மட்டும் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவள் மறுநாள் வடைக்கு ஊறவைத்த உழுந்தை நினைத்துக்கொண்டிருக்கின்றாள்.

இத்தீர்மானங்களைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். தந்தை ஐந்து மணிக்குப் புறப்பட, நாலரைக்குத் தேநீர் வேண்டும். அதனை வைப்பவர் யார்? மகன் நான்கு மணிக்கு எழ, அவனை எழுப்புபவர் அதற்கு முன் எழ வேண்டும், அவர் யார்? கடையுணவு இல்லையென்றால் மூன்று வேளையும் அடுப்பெரிய வேண்டும். நால்வர் தீர்மானஞ் செய்ய, ஒருத்தி அதனை நிறைவேற்றுகின்றாள். பத்து நாளில் அவள் சோர்ந்துபோனால் தீர்மானங்களும் சோரும். அப்பொழுது "நமக்கு மனவுறுதி இல்லை" என்று தந்தை வருந்துகின்றார். மனவுறுதியில் குறையில்லை, பாரம் பங்கிடப்படாமையே குறை என்பது என் கருத்து.

ஜனவரி முதலாந் திகதி ஆண்டின் தலைநாளாயது உரோமரால். கி.மு. 153 முதல் அவர்தம் தலைமை ஆட்சியாளர் அந்நாளிலேயே பதவியேற்றனர், கி.மு. 45இல் யூலியஸ் சீசர் பஞ்சாங்கத்தைத் திருத்தியபோதும் அந்நாளே நிலைத்தது. எனினும் இங்கிலாந்திலே 1752 வரை மார்ச் 25ஆந் திகதியே சட்டப்படி ஆண்டுப் பிறப்பாயிருந்தது. எனவே அந்நாளுக்கு இயற்கையில் தனிச் சிறப்பு யாதுமில்லை. சங்கற்பத்தைப் பொறுத்தவரை, மெதடிஸ்த சபையினரின் வழக்கம் ஒன்று கவனிக்கத்தக்கது. ஜோன் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடக்கிவைத்த உடன்படிக்கை ஆராதனை, பின்னர் ஆண்டுத் தொடக்கத்துக்கு உரியதாயிற்று. 1814இல் இலங்கைக்கு வந்த அச்சபையின் மரபில் அது இங்கும் அறியப்பட்டதே. அதில் ஒருவர் தனியே வாக்குக் கொடுப்பதில்லை. சபை முழுவதும் ஒருங்கே சொல்லும்.

இனி, புத்தாண்டுத் தீர்மானங்கள் யாவும் நீர்மேலெழுத்துத்தானா? அப்படியன்று. அமெரிக்க உளவியலறிஞர் ஜோன் நோர்குறொஸ் என்பவரும் உடனாய்வாளரும் 200 பேரை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்தனர். முதற் கிழமையில் நூற்றுக்கு 77 பேர் தம் தீர்மானத்தைக் காத்தனர். இரண்டாண்டின் முடிவில் 19 பேர் காத்தனர். இதனைக் கேட்டுச் சிரிப்பவருக்கு, அவரே 2002இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு விடை தருகிறது. தம்மை மாற்றிக்கொள்ள விரும்பியவருள், புத்தாண்டிலே தீர்மானஞ் செய்தவரில் நூற்றுக்கு 46 பேர் ஆறு மாதத்தின் பின் வெற்றி கண்டிருந்தனர்; விருப்பம் மட்டுங்கொண்டு தீர்மானஞ் செய்யாதிருந்தவரில் 4 பேரே வென்றனர். சுவீடன் நாட்டிலே ஆயிரத்துக்கு மேற்பட்டவரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வொன்று, "இதனைச் செய்யேன்" என்றவரிலும் "இதனைச் செய்வேன்" என்றவரே கூடுதலாக வென்றனர் என்று காட்டியது. முன்னையோர் நூற்றுக்கு 47, பின்னையோர் 59. நம் வெள்ளவத்தை மகள் கைத்தொலைபேசியைத் தொடமாட்டேன் என்பதனிலும், இராச் சாப்பாட்டின்பின் தம்பிக்கு ஒரு கதை வாசிப்பேன் என்று சொல்வது நலமாகும். வாசிக்கும் கைக்கு வேறு வேலை இராது.

ஜெர்மானிய உளவியலறிஞர் பீற்றர் கோல்விற்சர் 1999இல் இன்னொரு கருத்தை விளக்கினார். "நான் நன்கு படிப்பேன்" என்பதிலும் "இன்ன வேளையில், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது செயலை எளிதாக்கும் என்பது அது. இதனைப் படித்தபோது எனக்கு நமது கோயில் நினைவுக்கு வந்தது. அருச்சனைக்கு முன் குருக்கள் சங்கற்பஞ் செய்கின்றார் அல்லவா? ஆண்டின் பெயர், அயனம், பருவம், மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் ஆகியவற்றைச் சொல்லி, இடத்தையும் சொல்லி, வந்தவரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி, எதன்பொருட்டு என்பதையும் சொன்ன பின்னரே பூசை தொடங்கும். பொத்தாம்பொதுவான சங்கற்பம் அங்கே இல்லை. வருடப் பிறப்பிரவில் நாம் செய்வதில் அந்தத் திட்டம் இல்லாமையே குறை.

இதே பருவத்தில் வரும் இன்னொரு விரதத்தையும் காண்க. கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமை முதல் மார்கழி வளர்பிறைச் சஷ்டி வரை 21 நாள் நோற்கப்படும் பிள்ளையார் பெருங்கதை விரதம் அது. நோற்பவர் 21 இழையாலான காப்பைக் கையிற் கட்டிக்கொள்வர். சோறு பிசையும்போதும் பேனா பிடிக்கும்போதும் காப்புக் கண்ணிற் படும்; விரதம் மறவாது. கோயிலிலே கதை படிக்க, அயலார் கூடியிருந்து கேட்பர். நினைவூட்டும் பொருளும் கூட்டாளிகளும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு இது.

ஆனால் இதனைக் கொண்டு, 21 நாளிலே எப்பழக்கமும் படிந்துவிடும் என்று சொல்வாரோடு நான் உடன்படேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடனாய்வாளரும் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டனர். ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு, ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப, 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று அவர்கள் கணித்தனர். நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியதனால் பெரும் பாதகம் நேரவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. வீட்டிலே ஒரு பிள்ளை ஒருநாள் பிந்தி எழுந்ததற்காக ஆண்டு முழுவதையும் கைவிடுவோர் இதனைக் கேட்க வேண்டும்.

அங்ஙனமாயின் அந்தக் குடும்பம் செய்யத்தக்கது யாது? முதலாவது, டிசம்பர் 31ஆந் திகதி இரவை உறக்கத்துக்கு விடலாம். பயணப் பைகள் அலுமாரியின்மேல் ஏறி, பாடசாலைப் பொருள்கள் வாங்கி, பொங்கலும் முடிந்தபின் ஒரு மாலைப்பொழுதில் கூடியிருப்பது நன்று. ஐந்து தீர்மானம் வேண்டாம். வீட்டுக்கு ஒன்று போதும். அதனைத் தாயிடம் கேட்டுத் தொடங்குக. அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, "இராச் சாப்பாட்டின்பின் அரைமணித்தியாலம் ஒருவரும் என்னைக் கூப்பிடாதிருந்தாற் போதும்" என்று சொல்லக்கூடும். சிறிய வேண்டுகோள்தான். ஆயினும் அதை நிறைவேற்ற, இரவு எட்டு மணிக்குத் தந்தையும் மூத்த மகனும் கோப்பைகளைக் கழுவ வேண்டும். மகள் தம்பியை நித்திரைக்கு அனுப்ப வேண்டும். வேளையும் இடமும் செய்வோர் பெயரும் அமைந்துவிட்டன. குசினிக் கதவிலே தொங்கும் கலண்டரில், நிறைவேறிய நாளுக்கு ஒரு புள்ளியிடும் வேலையைக் கடைக்குட்டியிடம் கொடுத்துவிடலாம். அவன் ஒருவரையும் தப்பவிடமாட்டான். உலாவப் போகும் தந்தைக்கும் தடையில்லை. தேநீரைத் தாமே வைத்துக்கொள்ளட்டும். செலவைப் பற்றியோ, மாதந்தோறும் ஒரு சிறு தொகையை மார்கழிக்கென ஒதுக்கிவைப்பதன்றி வேறு வழியை நான் அறியேன்.

பொங்கலிலிருந்து சித்திரை வருடப் பிறப்பு வரை ஏறக்குறைய 90 நாட்கள் உள்ளன. முன் சொன்ன 66 நாளுக்கு அது தாராளம். சித்திரையிலே நம் வழக்கமெல்லாம் சொல்லாக நில்லாது செயலாகவே தொடங்குகின்றது. புண்ணிய காலத்தில் மருத்துநீர் தேய்த்து நீராடுகின்றோம். பெரியோரிடம் கைவிசேடம் பெறுகின்றோம். உழவர் நாளேர் பூட்டுகின்றனர். வணிகர் புதுக்கணக்கு எழுதுகின்றனர். சிங்கள மக்களும் சுபவேளையில் அடுப்பு மூட்டி, முதற் கொடுக்கல் வாங்கலைச் செய்கின்றனர். அன்று கைவிசேடம் வாங்கியபின், கலண்டரை இறக்கிப் புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம். புள்ளிகள் குறைந்திருப்பின், பஞ்சாங்கம் சொல்லும் நல்ல நேரத்தில் மீண்டும் தொடங்கலாம். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வெவ்வேறு நேரம் சொல்லுமாயின், தாய்க்கு எது வசதியோ அதனையே கொள்க.