காருக்குப் பேட்டரி சுவிட்ச்: திருடன் திணறுவான், சைரனும் தூங்கிவிடும்!

சென்னை,

வீட்டில் ஷெட் கிடையாது. கடனில் வாங்கிய கார் ராத்திரி முழுக்கச் சந்தில் நிற்கிறது. நாய் குரைத்தால்கூட எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. "பேட்டரிக்கு ஒரு கட்-ஆப் சுவிட்ச் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே!" என்று நினைப்பவர்கள் உண்டு.

ஆனால் அந்தச் சுவிட்ச் காரை மட்டும் தூங்க வைப்பதில்லை. காவல்காரனையும் சேர்த்துத் தூங்க வைக்கிறது!

சாவிக்குள் சிப்பாய்

இப்போதைய கார்களில் "இம்மொபிலைசர்" என்ற காவல் இருக்கிறது. சாவியின் தலைக்குள் ஒரு சின்ன "சிப்". அதற்குத் தனி பேட்டரி தேவையில்லை. சாவியைப் போட்டுத் திருகியதும், துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் அதற்கு உயிர் கொடுக்கும். சிப் தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் பொருந்தினால்தான் என்ஜின் ஓடும். வயரை உருவி "டைரக்ட்" செய்யும் பழைய பாச்சா பலிக்காது. பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இது கட்டாயம்.

பலே கில்லாடிகள்

திருடர்களும் சும்மா இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் கம்ப்யூட்டர் மாட்டும் சாக்கெட் இருக்கிறது. சில கார்களில் அதில் ஒரு கருவியைச் சொருகி, புதுச் சாவியைப் பழக்கிவிடுகிறார்கள். அப்புறம் கார் அம்பேல்!

இங்கேதான் பேட்டரி சுவிட்ச் கைகொடுக்கிறது. கரன்ட் இல்லாத காரில் அந்தக் கருவியால் எதுவும் செய்ய முடியாது.

இன்னொரு லாபமும் உண்டு. சும்மா நிற்கும் கார் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால், நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போய்விடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்துக்குள் காலி. ஊருக்குப் போகிறவர்களுக்குச் சுவிட்ச் நல்லதுதான்.

சத்தமே வராது!

கெடுதல் என்ன? சுவிட்சை அணைத்தால் சாதாரண அலாரம் ஊமையாகிவிடும். கண்ணாடியை உடைத்தாலும் சத்தம் வராது. ரிமோட் பூட்டும் வேலை செய்யாது. சாவி போட்டுத்தான் பூட்ட வேண்டும். உள்ளே புகுந்தவன் பானெட்டைத் திறந்தால் சுவிட்ச் கண்ணில் பட்டுவிடும். ஒரு திருகு திருகினால் கரன்ட் வந்துவிடும். பிறகு மிச்சமிருப்பது இம்மொபிலைசர் ஒன்றுதான்.

நல்லவேளை, பேட்டரியைத் துண்டித்தாலும் ரகசிய எண் பொதுவாக அழிவதில்லை. கடிகாரம், ரேடியோ ஆகியவற்றைத்தான் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

உஷார்!

என்ஜின் ஓடும்போது இந்தச் சுவிட்சைத் தொடவே கூடாது. ஆல்டர்னேட்டரும் கம்ப்யூட்டரும் பழுதாகலாம். சாவியை எடுத்துச் சில நிமிடம் பொறுத்துத்தான் அணைக்க வேண்டும். சுவிட்சை நெகடிவ் வயரில் மாட்டுவதே வழக்கம். சைரனுக்குத் தனி பேட்டரி இருந்தால், அலாரத்தை முதலில் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருவே விழித்துக்கொள்ளும்.

தினசரி காவலுக்கு வேறு வழி இருக்கிறது. பெட்ரோல் பம்புக்குப் போகும் கரன்டை மட்டும் தடுக்கும் சுவிட்சை, காருக்குள் மறைவான இடத்தில் வைக்கலாம். என்ஜின் ஓடாது, அலாரம் விழித்திருக்கும். ஆனால் தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் கை வைக்க வேண்டும். வாரண்டி பாதிக்குமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

மாதக் கணக்கில் நிற்கும் காருக்குப் பேட்டரி சுவிட்ச். தினம் ராத்திரி சந்தில் நிற்கும் காருக்கு மறைவான பம்பு சுவிட்ச். எதைப் போட்டாலும், மாற்றுச் சாவியைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனால் எல்லாம் வீண்!