பூங்கொடிகளும் விதைத் தரமும்

அலுவலகங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் வேலிகளில் பூங்கொடிகளைப் படரவிடுவது நாடெங்கும் உள்ள வழக்கம். காகிதப்பூவும் மல்லிகையும் போத்து நட்டோ பதியமிட்டோ பெருக்கப்படுகின்றன. சங்குப்பூ, மயில்மாணிக்கம், ஸ்வீட் பீ ஆகியவை விதையிலிருந்து வளர்க்கப்படுபவை. செலவு குறைவாதலால் பொது நிறுவனங்களுக்கு இவையே ஏற்றவை. ஆயினும், வாங்கிய விதை முளைக்கவில்லை என்ற குறை அடிக்கடி எழுகிறது. பழி விற்றவர் மீது விழுகிறது. எல்லா நேரங்களிலும் அது நியாயமன்று.

சங்குப்பூ, ஸ்வீட் பீ இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சார்ந்தவை. இக்குடும்பத்து விதைகள் பலவற்றின் மேலுறை நீரை உட்புக விடாது. இத்தகையவற்றைக் ‘கடின விதை’ என்பர். வெயிலும் மழையும் மண்ணின் உராய்வும் உறையைத் தளர்த்தும்வரை அவை உறங்கிக் கிடக்கும். ஒரே மழையில் எல்லாம் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் ஒருங்கே அழியாதிருக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. தோட்டக்காரருக்கோ இது இடையூறு. விதையின் தழும்புக்கு எதிர்ப்புறத்தில் உப்புத்தாளால் சிறிது தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் இடையூறு நீங்கும்.

இனி, சட்டத்தின் நிலை. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப் பயிர், காய்கனி, பருத்தி, கால்நடைத் தீவனம் முதலியவற்றின் விதைகளையே ‘விதை’ என வரையறுத்தது. அலங்காரப் பூவிதைகள் அவ்வரையறையில் இடம்பெறவில்லை. சங்குப்பூ தீவனப் பயிருமாகும். ஆகவே, மாட்டுக்காக விதைத்தால் வரையறைக்குள்ளும், வேலிக்காக விதைத்தால் வெளியிலும் நிற்கும் விந்தை நிலை அதற்கு!

எனவே, பூவிதை வாங்குவோர் தாமே சோதித்தறிவது நன்று. நூறு விதைகளை ஈரத் துணியில் பரப்பி, ஈரம் உலராமல் இரு வாரம் வைத்து எண்ணவேண்டும். எடுத்துக்காட்டாக, 45 முளைத்து, 40 ஊறாமல் கல்போல் இருந்து, 15 அழுகின எனக் கொள்வோம். அழுகிய 15 மட்டுமே உயிரற்றவை என உறுதியாகக் கூறத்தக்கவை. ஊறாத 40ஐயும் தேய்த்து மீண்டும் சோதித்த பின்னரே தீர்ப்புக் கூறவேண்டும். பயறு வகைகளுக்கான சான்றளிப்பு விதிகளிலும் கடின விதைகளைச் சேர்த்தே முளைப்புத் திறன் கணக்கிடப்படுகிறது.

கொள்முதல் செய்யும் காலமும் முக்கியம். வட இந்தியச் சமவெளியில் ஸ்வீட் பீ விதைக்கும் பருவம் செப்டம்பர், அக்டோபர். நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச்சில் வாங்கினால், விதை கோடை முழுவதும் அலுவலக அலமாரியில் கிடக்கும். வெப்பமும் மழைக்காலத்து ஈரப்பதமும் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். பருவத்தையொட்டி வாங்குவதே சிக்கனம். சங்குப்பூவுக்கு இக்கவலை குறைவு. வெதுவெதுப்பான மண்ணில், பருவமழைத் தொடக்கத்தில் விதைக்கலாம். பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையதாதலால், அடுத்த ஆண்டுக்கான விதையை அக்கொடியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். காய்கள் பழுப்பு நிறமடைந்ததும் பறித்துவிடவேண்டும். தாமதித்தால் அவை வெடித்து விதைகள் சிதறிவிடும்.

பள்ளிகளுக்கு ஓர் எச்சரிக்கை: ஸ்வீட் பீ விதை நச்சுத்தன்மை உடையது. பட்டாணி என்றெண்ணிச் சிறுவர் உண்டுவிடாதபடி அதைப் பூட்டி வைத்தல் அவசியம்.