பாடமா, பக்கத்துக் கடையா?

கென்யத் தலைநகர் நைரோபியில் காய்கறிக்காரம்மாவை ‘மாமா ம்போகா’ என்பார்கள். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா, ம்போகா என்றால் காய்கறி. நம் காதுக்குத்தான் முறை தப்பிக் கேட்கிறது. நாலு பலகையை அடித்து நிறுத்திய கடையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார். ஆள் வந்து நின்றதும் சுக்குமா விக்கி என்னும் கீரையைக் கையில் சுருட்டிப் பிடித்து, நூல் நூலாக அரிந்து பையில் போட்டுக் கொடுப்பார். அந்தக் கீரையின் பெயருக்கு ‘வாரத்தைத் தள்ளு’ என்று பொருள். காசு தீர்ந்த வீட்டிலும் வாரக் கடைசிவரை அடுப்பு எரிய வைக்கும் கீரை அது.

நகரின் கிழக்கே, பெரிய குப்பைமேட்டை ஒட்டிய டண்டோராவில் இப்படிச் சின்னக் கடை நடத்தும் பெண்கள் ஏராளம். புதிதாகத் தொழில் தொடங்கிய இளம்பெண்களை வைத்து வயாட் புரூக்ஸ், கெவின் டோனவன், டெரன்ஸ் ஜான்சன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு வகுப்பறையில் கணக்கு எழுதுவது, விளம்பரம் செய்வது போன்ற வியாபாரப் பாடம். இன்னொரு சாராருக்குப் பாடமே கிடையாது; அதே பகுதியில் அதே மாதிரித் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு மூத்த பெண்ணோடு பழக்கம் செய்துவைத்தார்கள், அவ்வளவுதான். மீதிப் பேரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

2018இல் வெளியான முடிவு, பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். வகுப்புக்குப் போனவர்கள் சொல்லிக்கொடுத்தபடி சில பழக்கங்களை மாற்றிக்கொண்டார்கள். லாபம் மட்டும் அசையவில்லை. மூத்தவரின் துணை கிடைத்தவர்களுக்கோ லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது.

அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார் அந்த மூத்த கடைக்காரர்? பெரிய தத்துவம் எதுவும் இல்லை. சரக்கை யாரிடம் வாங்கினால் மலிவு என்பதுதான் முக்கியமான விஷயம். புதிதாக வந்தவர் முதலில் கண்ணில் பட்ட மொத்த வியாபாரியிடமே வாங்கிக்கொண்டிருப்பார். வேறு ஆளைக் கைகாட்டியதும் கொள்முதல் செலவு இறங்கியது. மிச்சமான காசு கல்லாவில் தங்கியது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்த ஆளின் பெயர் இருக்காது.

அதற்காக வகுப்பே வீண் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவின் தலைநகர் லோமேயில் 1,500 சிறு தொழில்முனைவோரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. வழக்கமான வியாபாரப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 11 சதவீதம்தான் கூடியது. அது தற்செயலாகக்கூட இருக்கலாம் என்கிற அளவு. தானாக முன்வந்து புதுவழி தேடும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சியிலோ 30 சதவீதம் கூடியது. இரண்டிலும் வகுப்பு முடிந்தபின் பயிற்சியாளர் கடைக்கே வந்து போனார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்த வழிகாட்டிகளும் உண்டு. 2008இல் தொடங்கிய செரி பிளேர் அறக்கட்டளை, வளரும் நாடுகளின் பெண் தொழில்முனைவோரை வெளிநாட்டு நிபுணர்களோடு இணையவழியில் சேர்த்துவைக்கிறது. தொழிலை விரிவாக்கவோ வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பவோ நினைக்கும் பெண்ணுக்கு அப்படி ஒருவர் பயன்படுவார். ஆனால் லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்று காலை நைரோபிச் சந்தையில் தக்காளிப் பெட்டி என்ன விலைக்குப் போனது என்று எப்படித் தெரியும்?

டண்டோராவில் ஒரு குறையும் தென்பட்டது. நாளாக ஆக ஜோடிகள் பிரிந்தன, பார்த்துப் பேசுவது நின்றது. கூடிய லாபமும் மெல்லக் கரைந்தது. போன மாதம் மலிவாகக் கொடுத்தவர் இந்த மாதம் விலையை ஏற்றியிருப்பார். அடுத்து யாரிடம் போகலாம் என்று கேட்க மறுபடியும் அந்த மூத்தவரின் கடைக்குத்தான் நடக்க வேண்டும்.