அளக்கும் கருவியை அளத்தல்

நிறுக்கும் முன் வெறுந்தட்டுகளைப் பார்ப்பது துலாக்கோல் பிடிப்போர் வழக்கம். முள் நடுவே நில்லாவிடில், அதன்பின் நிறுப்பவை யாவும் பிழையே. இவ்விதி இன்றைய கையடக்க வருடிகளுக்கும் பொருந்தும்.

கூட்டேரிப்பட்டு அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்தில்தான், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த மண்டகப்பட்டுக் குடைவரை உள்ளது. அத்தகைய சின்னத்தை, வருடியை ஏந்தி நடந்தவாறே முப்பரிமாணத்தில் பதிவுசெய்ய இயலும். லேசர் கதிர் தொலைவைக் கூறும். அக்கணத்தில் கருவி எங்கு, எத்திசை நோக்கி இருந்தது என்பதை அறிய உதவுபவை முடுக்கமானி, சுழற்சிமானி ஆகிய இயக்க உணரிகளே.

கருவி அசையாதபோது சுழற்சிமானி ஏறத்தாழச் சுழியையும், முடுக்கமானி புவியீர்ப்பின் அளவாகிய 9.8 மீ/வி² என்பதையும் காட்டவேண்டும். வெப்பமாற்றத்தாலும் நாட்பட்ட பயன்பாட்டாலும் இவை விலகக்கூடும். சுழற்சிமானி நொடிக்கு 0.1 பாகை தவறினால், ஒரு நிமிடத்தில் 6 பாகை பிழை சேரும். நேரான சுவரும் வளைந்து தோன்றும். எனவே, பணிக்கு முன் கருவியை அசையாது வைத்துச் சுழற்சிமானியின் பிழையையும், ஆறு பக்கங்களிலும் மாறிமாறிக் கிடத்தி முடுக்கமானியின் பிழையையும் கணிப்பர். அப்பிழைகளைப் பின்வரும் அளவீடுகளில் நீக்குவர். இதுவே அளவுத்திருத்தம் எனப்படும்.

1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளந்த வில்லியம் லாம்டன், எஃகுச் சங்கிலி வெப்பத்தால் நீளும் என்பதனால் வெப்பநிலையையும் குறித்துத் தம் அளவைத் திருத்தினார். கருவி மாறினும் நெறி மாறவில்லை.

கல் தேய்ந்தபின் அதன் உருவுக்குச் சான்றாக நிற்பது நம் பதிவே. அதில் பிழை இருப்பின், ஒப்பிட்டுத் திருத்த மூலமும் இராது. ஆதலால், அளவுத்திருத்தத்திற்குச் செலவிடும் சில நிமிடங்கள் வீணல்ல.