ஸ்கேன் படத்தில் சிவப்பு என்றால் மூளை செத்துவிட்டதா?

அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாள். அதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "பெர்ஃப்யூஷன் ஸ்கேனில் சிவப்பு அதிகமாம், இனி ஒன்றும் செய்ய முடியாதா?" மூளையின் இரத்த ஓட்டத்தை 'அளக்கும்' ஸ்கேன் என்று சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது பார்ப்பது ஓட்டத்தை அல்ல, சாயத்தை. கையிலுள்ள இரத்தக்குழாயில் அயோடின் சாயத்தை வேகமாக ஏற்றி, ஒரு நிமிடம் போல மூளையை அடுத்தடுத்துப் படமெடுக்கிறார்கள். சாயம் எப்போது வந்தது, எவ்வளவு நிறைந்தது, எப்போது வடிந்தது என்பதை வைத்து ஓட்டத்தை மென்பொருள் கணக்கிடுகிறது. ஓட்டம் நல்ல பகுதியில் இருப்பதில் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடம் 'செத்தது'. சாயம் 6 விநாடிக்கு மேல் பிந்திய இடம் 'ஆபத்தில் உள்ளது'. பல மென்பொருள்கள் இந்த வரம்புகளை வைத்தே நிறமடிக்கின்றன.

கடைமடைக்குத் தண்ணீர் பிந்தியதை மட்டும் வைத்துப் பிசானப் பருவ நெற்பயிர் கருகிவிட்டது என்று தாமிரபரணிக்கரை விவசாயி யாரும் முடிவுகட்ட மாட்டார். கால்வாய் தூர்ந்திருக்கலாம், பக்கத்து வாய்க்காலின் கசிவு பயிரைத் தாங்கியிருக்கலாம். மூளையிலும் அப்படித்தான். கழுத்துத் தமனி சுருங்கியிருந்தாலும், இதயம் பலவீனமாக இருந்தாலும் சாயம் பிந்தும். அதைவிட முக்கியம், வாடிய பயிர் கருகுவதற்கு நேரமும் வேண்டும். மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பு விழுந்த முதல் சில மணி நேரத்தில் 'செத்தது' என்று படம் காட்டிய பகுதி, அடைப்பை விரைவாக நீக்கிய பின் எடுத்த ஸ்கேனில் உயிரோடு இருந்ததுண்டு.

இந்த வரைபடம்தானே தாமதமாக வந்தவர்களையும் காப்பாற்றியது என்று கேட்கலாம். உண்மைதான். 2018இல் வெளியான டான், டிஃபியூஸ் 3 ஆய்வுகள் இத்தகைய படங்களைக் கொண்டு நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தே, 6 மணி நேரம் கடந்தவர்களுக்கும் இரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சை பலன் தரும் என்று காட்டின. பாபநாசத்திலிருந்தோ ஸ்ரீவைகுண்டத்திலிருந்தோ பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டியவருக்கு அது பெரிய வாசல். ஆனால் பெரிய பாதிப்பு உள்ளவர்களிலும் பலருக்கு அந்தச் சிகிச்சை உதவும் என்று 2022, 2023 ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே, சிகிச்சைக்கு ஆள் சேர்க்க இந்தப் படம் நல்ல சாட்சி; ஒருவரைத் திருப்பி அனுப்ப அது ஒன்று மட்டும் போதாது.

மற்ற கேள்விகள்:
4.5 மணி நேரத்துக்குள் வந்தால்? கட்டி கரைக்கும் ஊசிக்குப் பெரும்பாலும் சாதாரண சிடி போதும்.
கதிர்வீச்சு? சாதாரண தலை சிடியைவிடக் கூடுதல்.
சிறுநீரக நோய், சாய ஒவ்வாமை? முதலிலேயே சொல்லுங்கள்.
வீட்டார் என்ன செய்ய வேண்டும்? 108ஐ அழையுங்கள், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். எந்த ஸ்கேனும் அதைக் கண்டுபிடித்துத் தராது.