எல்லையோரக் கள்ளுக்கடை

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர்க்குக் கள்ளுக்கடை என்பது பாட்டனார் வாயிலாகக் கேட்ட செய்தி மட்டுமே. 1987ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டுத் தமிழ்நாட்டில் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டுள்ளன. அதன்பின் பிறந்தவர் எவரும் தம் சொந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை ஒன்றைக் கண்டிருக்க இயலாது. ஆனால், கோயம்புத்தூரிலிருந்து வாளையாற்றைத் தாண்டினாலும், பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியே மேற்கே சென்றாலும், அக்கடையைச் சாலையோரத்திலேயே காணலாம். குடியைப் பரிந்துரைப்பது இவ்வுரையின் நோக்கமன்று. அக்கடை ஏன் அவ்வாறு அமைந்தது, இன்று அதற்கு நேர்ந்துள்ள இடர் யாது என்பவற்றை விளக்குவதே நோக்கம்.

முதலில் வெளித்தோற்றத்தைப் பார்ப்போம். தாழ்ந்த ஓட்டுக் கூரை. அதன் முன்னே ஒரு பலகை. பலகையில் பெரிய மலையாள எழுத்தில் 'கள்ளு' என்ற ஒரே சொல். அதன் கீழே அரசு அளித்த கடை எண். கடைக்காரர் பெயரோ, கவர்ச்சியான வாசகமோ பெரும்பாலும் இருப்பதில்லை. மலையாளிகள் இதனை 'ஷாப்பு' என்பர். ஆங்கிலத்தில் எல்லாக் கடைக்கும் பொதுவான சொல் இங்கே கள்ளுக்கடை ஒன்றையே குறிக்கும் சிறப்புப் பெயராகிவிட்டது. இப்பலகைக்கு மிகப் பழைய முன்னோடியும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் மது விற்கும் மனைகளில் அதனை அறிவிக்கும் கொடி பறந்தது எனப் பட்டினப்பாலை கூறுகிறது.

உள்ளே சென்றால் நீண்ட மரப்பலகை இருக்கைகளும், மேசைகளும், இடையிடையே மரத்தாலோ மூங்கில் தட்டியாலோ மறைத்த சிறு அறைகளும் காணப்படும். இத்தகைய மறைப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 'பப்' எனப்படும் சிறு மதுக்கடைகளுள் பழைமையானவற்றை இன்று கலைச்சின்னங்களைப் போலப் பேணுகின்றனர். விக்டோரியா அரசியார் காலத்துக் கடைகளில், குடிப்பவர் முகம் பரிமாறுவோர்க்குத் தெரியாதவாறு திருப்பக்கூடிய சிறு கண்ணாடித் தடுப்புகள் இருந்தன. குடிக்கவும் வேண்டும், பிறர் கண்ணில் படவும் கூடாது என்னும் மனித இயல்பு இரு நாட்டிலும் ஒரேவகைத் தச்சு வேலையைத் தோற்றுவித்திருக்கிறது.

ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஆங்கிலக் கடையின் அடியில் நிலவறை இருக்கும்; பீப்பாய்கள் அங்கே நாட்கணக்கில் தங்கும். கள்ளுக்கடையில் நிலவறை கிடையாது. சேமித்து வைக்கும் பண்டமும் அங்கில்லை. இதன் காரணத்தை அறிந்தால் கடையின் இயல்பு முழுவதும் விளங்கிவிடும்.

தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, எலும்பாலோ கட்டையாலோ நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியைச் சீவி வருவர். சில நாட்களுக்குப் பின் சாறு சொட்டத் தொடங்கும். அதனைக் கலயத்தில் ஏந்துவர். காலையும் மாலையும் மரமேறிச் சாற்றை இறக்கிப் பாளையை மீண்டும் சீவ வேண்டும். ஒருநாள் தவறினாலும் சாறு குன்றும். நன்கு சுரக்கும் தென்னை நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தரும்.

சொட்டும்போது அது சர்க்கரை நீரே. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் நிற்கும், அதுவே பதநீர். கொங்கு நாட்டார் அதனைத் தெளுவு என்பர். சுண்ணாம்பு இல்லையெனில், காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி உயிர்கள் சர்க்கரையை உடனே சாராயப் பொருளாக மாற்றத் தொடங்கும். மரத்தின் உச்சியிலேயே இவ்வேலை தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் இறக்கிய கள் முதலில் இனிக்கும், பிற்பகலில் கடுக்கும், மறுநாள் புளிக்கும், பின்னர் காடியாகிவிடும். இனிப்புக் கள்ளை மலையாளிகள் 'மதுரக்கள்ளு' என்றும், மாலையில் இறக்குவதை 'அந்திக்கள்ளு' என்றும் வழங்குவர்.

ஆகவே கள்ளுக்கடை என்பது ஒருநாள் கணக்கில் வாழும் கடை. அது தோப்புக்கு அருகில் இருந்தாக வேண்டும். அன்று வந்ததை அன்றே விற்றாக வேண்டும். மரம் தரும் அளவே விற்பனையின் அளவு. கடையின் சிறுமைக்கும் எளிமைக்கும் இதுவே வேர்.

இப்பகுதியின் நில அமைப்பு மூவகை மரங்களை அளித்துள்ளது. சித்தூர் வட்டத்துக் கள் பெரும்பாலும் தென்னங்கள். பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றடிக்கும் கிழக்குப் பகுதியில் பனைமரம் மிகுதி. ஓ. வி. விஜயன் 1969இல் வெளியிட்ட 'கசாக்கின்றெ இதிகாசம்' என்னும் புதினத்தைப் படித்தோர் அப்பனைகளை மறக்கமாட்டார். இடுக்கி மலைப்பகுதியிலோ கூந்தற்பனை வளர்கிறது. அதனை மலையாளத்தில் சூண்டப்பனை என்பர். மூன்று மரத்தின் கள்ளும் சுவையாலும் கடுமையாலும் வேறுபடும்.

கள்ளோடு வரும் உணவும் குறிப்பிடத்தக்கது. அவித்த மரவள்ளிக் கிழங்கும், குடம்புளி இட்டுக் காரமாகச் சமைத்த மீன்குழம்பும் கேரளக் கடையின் அடையாளம். கிழங்கை மலையாளிகள் 'கப்பை' என்பர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஆவார். மலிவான கிழங்கும் காரமான குழம்பும் உழைப்பாளியின் பசியைத் தணித்தன. காரம் மேலும் கள்ளைக் கேட்கச் செய்தது. இன்று கள் வேண்டாதாரும் அக்குழம்பின் பொருட்டே குடும்பத்தோடு செல்லும் கடைகள் பல உள்ளன.

இனி எல்லையின் கதையைச் சற்றுக் காண்போம். 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன், பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனருகே உள்ள சித்தூரோ கொச்சி அரசின் பகுதியாக இருந்து, பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியில் அடங்கியது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கி, 1948 அக்டோபர் 2 முதல் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. கேரளம் 1967இல் மதுவிலக்கை நீக்கியது. கொல்லம் ஆண்டு 1077இல் கொச்சி அரசு இயற்றிய அப்காரிச் சட்டம் மாநிலம் முழுமைக்கும் உரியதாயிற்று. தமிழ்நாடு 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தியது. கள்ளுக்கடைகள் மூடுவதும் திறப்பதுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் 1987இல் அவை மூடப்பட்டன. கேரளமோ 1996இல் சாராயத்தைத் தடைசெய்து கள்ளை மட்டும் விட்டுவைத்தது. ஆகவே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரே மொழி பேசும் தமிழர், ஒரே காற்றில் அசையும் தென்னைகளுக்கிடையே, இருவேறு சட்டங்களின் கீழ் வாழ்கின்றனர். ஒரு தோப்பில் உரிமத்தோடு செய்யும் வேலை, சிறிது கிழக்கே செய்தால் குற்றம்.

இவ்விரு சட்டங்களுக்கும் பின்னே இரு பழைய குரல்கள் உள்ளன. சங்கப் புலவர் கள்ளை விருந்தின் பொருளாகப் பாடினர். திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். கேரளத்திலும் ஈழவர் குலத்தில் தோன்றிய நாராயண குரு, அக்குலத்தார் பலரின் தொழிலாக இருந்த கள்ளிறக்குதலையே கைவிடுமாறு போதித்தார். மறுபுறம், மரமேறி வாழ்வோரின் நலன் கருதி 1969இல் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தைக் கேரளம் இயற்றியது. மரத்திலிருந்து விழுந்து முடமாகும் இடர் நாள்தோறும் உள்ள தொழில் அது. ஆகவே இது எளிதில் முடியும் வழக்கன்று.

இன்றைய இடர் வேறொரு திசையிலிருந்து வந்துள்ளது. கேரளத்தின் மற்ற மாவட்டங்களில் மரமேறுவோர் குறைந்துவிட்டனர். எனவே அங்குள்ள கடைகள் பலவற்றுக்கும் சித்தூரிலிருந்தே அனுமதிச் சீட்டோடு வண்டிகளில் கள் செல்கிறது. தோப்புக்கு அருகில் இருக்க வேண்டிய கடை, தோப்பை விட்டு நெடுந்தொலைவு விலகிவிட்டது. மரம் தரும் அளவு கூடவில்லை; கேட்பாரின் அளவோ குறையவில்லை. இந்த இடைவெளியில்தான் கலப்படம் நுழைகிறது. நீரைச் சேர்த்தால் அளவு பெருகும். செயற்கை இனிப்பு சுவையை மறைக்கும். எரிசாராயம் கடுமையைக் கூட்டும். எரிசாராயத்தில் மெத்தனால் என்னும் நஞ்சு இருப்பின் கண்ணொளியும் உயிரும் போகும். 2010 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டத்தில் நச்சுக்கள் குடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே கொன்றது மரத்தின் சாறு அன்று. அதில் சேர்க்கப்பட்ட நஞ்சு.

தமிழ்நாட்டில் கள் மீதான தடையை நீக்க வேண்டுமென்று உழவர் அமைப்புகள் நெடுங்காலமாகக் கோரி வருகின்றன. கூடாதென்போரும் உளர். எத்தரப்பைச் சார்ந்தவராயினும் எல்லைக்கப்பால் உள்ள இப்பாடத்தைக் கருத்தில் கொள்ளுதல் நலம். மரங்களின் எண்ணிக்கையையும் கடைகளின் எண்ணிக்கையையும் பொருத்திவைக்கும் காவல் இல்லையேல், கள் என்ற பெயரில் வேறொன்றே விற்கப்படும்.

விடுமுறையில் ஊர் திரும்பும் நேயர் எவரேனும் அக்கடைக்குச் செல்ல நேர்ந்தால் சிலவற்றை மனத்திற் கொள்க. கேரளச் சட்டப்படி 23 வயது நிரம்பாதவர்க்கு மது விற்றல் குற்றம். எல்லை கடந்து கள்ளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருதலும் குற்றம். வண்டி ஓட்டுபவர் குடித்தலாகாது. தோப்புக்கு அருகில் உள்ள கடையில், கள் எப்பொழுது எங்கே இறக்கியது என்று வினவுக. நல்ல கடைக்காரர் மரத்தைக் கைநீட்டிக் காட்டுவார். மாலை சாயுமுன் கள் தீர்ந்துவிட்டது என்று அவர் கூறினால் வருந்த வேண்டா. அக்கடையை நம்பலாம் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். மீன்குழம்பும் கிழங்கும் மட்டும் உண்டு திரும்பினாலும், நம் பாட்டனார் சொன்ன கடை எத்தகையது என்பதை நேரில் அறிந்த பயன் கிட்டும்.